தூக்கினால் போதாது, நிற்கவும் வேண்டும்: பழைய ட்ரக்டர்களின் ஹைட்ரோலிக் கட்டுப்பாடு பற்றி ஒரு பட்டறை அனுபவம்

"லிஃப்ட் சரியில்லை, பம்ப் போய்விட்டது." பழைய ட்ரக்டர் வைத்திருப்பவர்கள் எங்களிடம் வரும்போது நோயையும் அவர்களே சொல்லி, மருந்தையும் அவர்களே முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். எங்கள் பட்டறை கொழும்பு கிராண்ட்பாஸில் இருக்கிறது. மெசி ஃபேர்குசன், பழைய சாம்பல் நிற ஃபேர்குசன், ஃபோர்ட் என்று வயதான மெசின்களின் பின்பக்க வேலைதான் எங்களுக்குப் பெரும்பாலும்: லிஃப்ட் கவர் (கலப்பையைத் தூக்கி இறக்கும் லிஃப்டின் மேல்மூடி), பம்ப், பி.டி.ஓ. ஷாஃப்ட் (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு). இந்த வேலையில் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று. பம்ப் போய்விட்டது என்று கொண்டுவரப்படும் மெசின்களில் பெரும்பாலானவற்றில் பம்ப் நன்றாகவே இருக்கிறது. கெட்டிருப்பது பம்புக்கு "எடு", "நிறுத்து", "விடு" என்று சொல்லும் கட்டுப்பாடு. இல்லையென்றால் பம்ப் தள்ளிய ஒயில் எங்கோ ஓரிடத்தில் கசிகிறது.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒரு புதிய பம்ப் வாங்குவதென்பது சிறிய விவசாயிக்கு ஒரு போகத்தின் மிச்சத்தை அப்படியே எடுத்துக் கொடுப்பது போன்றது. அந்தக் காசைக் கொடுத்துப் பம்பை மாற்றிய பிறகும் கலப்பை அதே மாதிரி இறங்குவதைப் பார்த்து நொந்துபோய் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த லிஃப்ட் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஹரி ஃபேர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் 1920களில் யோசித்த விஷயம் இது. அதுவரை கலப்பை ட்ரக்டருக்குப் பின்னால் சங்கிலியில் இழுபடும் தனிப் பொருள். அவர் அதை மூன்று புள்ளிகளில் ட்ரக்டரோடு சேர்த்தார்: கீழே இரண்டு கைகள், மேலே ஒரு டொப் லிங்க். கலப்பை மண்ணுக்குள் ஆழமாகப் போனால் டொப் லிங்க் முன்னோக்கி அமுங்கும். அந்த அமுக்கம் பின்னால் இருக்கும் ஒரு பெரிய ஸ்பிரிங்கை அழுத்தும். ஸ்பிரிங் உள்ளே இருக்கும் ஒரு லிவரைத் தள்ளும், லிவர் வால்வைத் திறக்கும், கலப்பை கொஞ்சம் மேலே வரும். மண் இளகினால் இதுவே மறுதலையாக நடக்கும். இதைத்தான் ட்ராஃப்ட் கொன்ட்ரோல் என்கிறோம். 1939 இல் வந்த ஃபோர்ட் 9என், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் 5 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட சாம்பல் நிற ஃபேர்குசன் டிஇ20, பிறகு 1964 இல் வந்த மெசி 135 எல்லாம் இந்த ஒரே யோசனையின் பிள்ளைகள். ஒரு தொன்னை ஒட்டிய எடையுள்ள சின்ன டிஇ20 இரண்டு கொழுக் கலப்பையை இழுக்கிறதென்றால், கலப்பையின் பாரத்தையும் மண் அதை உள்ளே இழுக்கும் விசையையும் பின்சில்லுக்கு மாற்றிக்கொள்வதால்தான்.

இன்னொரு முக்கியமான விஷயம், ஃபேர்குசன் பம்பின் கட்டுப்பாட்டு வால்வு பம்புக்குள் ஒயில் போகும் பக்கத்தில் இருப்பது. வால்வு நடுநிலையில் இருந்தால் பம்பின் நான்கு பிஸ்டன்களும் அசைந்துகொண்டிருக்கும், ஆனால் ஒயில் உள்ளே வராது. வேலை இல்லாத நேரத்தில் அது வேலை செய்வதில்லை, சூடாவதில்லை, தேய்வதும் குறைவு. இந்தப் பம்புகள் அறுபது எழுபது வருடம் ஓடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். அதனால்தான் பம்பின் மீது கடைசியாகச் சந்தேகப்படச் சொல்கிறேன்.

வடக்கே பரந்தன் பக்கத்தில் இருந்த ஒரு மெசி 135 பற்றிச் சொன்னால் இது தெளிவாகும். மெசினின் சொந்தக்காரர் முதலில் தொலைபேசியில்தான் பேசினார்.

"தம்பி, தூக்கிறதெல்லாம் தூக்குது. தூக்கினது நிக்குதில்லை. கலப்பையை மேல வச்சுக்கொண்டு றோட்டால போகேக்க விக்கல் எடுக்கிற மாதிரித் துள்ளித் துள்ளி வருது. இஞ்ச எல்லாரும் பம்ப்பை மாத்தச் சொல்லுறாங்கள்."

"அண்ணை, மெசினை நிப்பாட்டினா கலப்பை எவ்வளவு நேரத்தில நிலத்துக்கு வருது?"

"அது ஒரு சுருட்டுப் பத்தி முடியிறதுக்குள்ள வந்திடும்."

"கிளச்சை மிதிச்சா துள்ளல் நிக்குதோ?"

"நிக்குது. ஆனா கலப்பை மெல்ல மெல்லக் கீழ இறங்குது."

தொலைபேசியிலேயே விஷயம் பாதி விளங்கிவிட்டது. தூக்கும் பலம் இருக்கிறது, ஆகவே பம்ப் தள்ளுகிறது. கிளச்சை மிதித்துப் பம்ப் நின்றதும் பாரம் இறங்குகிறது, ஆகவே தள்ளிய ஒயில் எங்கோ திரும்பி ஓடுகிறது. பாரம் கொஞ்சம் இறங்கியதும் உள்ளே இருக்கும் லிவர்கள் அதை உணர்ந்து வால்வைத் திறக்கின்றன, பம்ப் திரும்பத் தூக்குகிறது, பிறகு மறுபடி கசிவு. துள்ளல் என்பது இதுதான். கட்டுப்பாடு தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது என்பதற்கே அது அடையாளம். இதற்குப் பம்பை மாற்றினால் துள்ளல் அப்படியே இருக்கும்.

தூக்கும்போது மட்டும் ஒரே தாளத்தில் உதறி உதறி மேலே போகிறது, மேலே போனபின் அசையாமல் நிற்கிறது என்றால் கதை வேறு. அப்போது நான்கு பிஸ்டன் அறைகளில் ஒன்றின் வால்வு சரியாக மூடவில்லை அல்லது திறக்கவில்லை. பம்பைக் கழற்ற வேண்டிய வேலை அதுதான். இந்த இரண்டு துள்ளலையும் பிரித்து அறியாமல் ஸ்பனரைத் தொடக்கூடாது.

பரந்தன் அண்ணை மெசினைக் கொண்டுவரவில்லை, லிஃப்ட் கவரை மட்டும் கழற்றி அனுப்பவா என்று கேட்டார். வேண்டாம், கழற்றுவதற்கு முன் கசிவைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அங்கேயே அவர் மகனை வைத்துச் செய்வித்த சோதனை இது. யாரும் செய்யலாம்.

ட்ரக்டரின் வலப்பக்கத்தில் ஒயில் அளவு பார்க்கும் குச்சியோடு ஒரு மூடி இருக்கும். அந்த வாய்க்குக் கீழே வரும்வரை ஒயிலை வடிக்க வேண்டும். அதற்கு முன்பே கலப்பையை மாட்டித் தூக்கி, லிவரை நடுவில் விட்டு, என்ஜினை நிறுத்திவிட வேண்டும். கலப்பைக்கு அடியில் மரக்குற்றிகளை அடுக்க வேண்டும். குற்றிக்கும் கலப்பைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி மட்டும் இருக்கட்டும். பாரம் கையில் தொங்க வேண்டும், ஆனால் விழுந்தாலும் ஒரு சாணுக்கு மேல் விழக்கூடாது. பிறகு மூடியைக் கழற்றி டோர்ச் அடித்து, ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்க்க வேண்டும். லிஃப்ட் சிலிண்டரின் திறந்த வாயில் ஒயில் சொட்டினால் பிஸ்டன் ரிங் அல்லது சீல். பம்பிலிருந்து மேலே போகும் குழாயின் தலையிலோ காலிலோ கசிந்தால் அங்கிருக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம். சேஃப்டி வால்வின் வாயில் வந்தால் அது. பம்பின் வால்வுப் பக்கத்தில் வந்தால் கட்டுப்பாட்டு வால்வு.

கசிவைத் தேட விரலை நீட்டவே கூடாது. மெசி 135 இன் ஹைட்ரோலிக் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2,500 இறாத்தலைத் தாண்டக்கூடியது. ஊசி முனை அளவு துளையில் அந்த அழுத்தத்தோடு வரும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் சின்னப் புள்ளி மாதிரித்தான் தெரியும், வலியும் உடனே இருக்காது, ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் மருந்து போட்டுக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நன்றாக வேலை தெரிந்த பாஸ்மார், அதாவது மெக்கானிக்மார்கூட இதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை.

பரந்தன் மெசினில் சொட்டியது குழாயின் தலையில். ஒரு ஓ ரிங். அவ்வளவுதான். சிலிண்டரிலும் மெல்லிய கசிவு இருந்தபடியால் இரண்டையும் ஒரே முறையில் செய்துவிடுவோம் என்று லிஃப்ட் கவரைக் கழற்றச் சொன்னேன். அது பேலியகொடை மெனிங் சந்தைக்கு வரும் மரக்கறி லொறி ஒன்றில் வந்து சேர்ந்தது. களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேலியகொடை, இந்தப் பக்கம் நாங்கள். வடக்கிலிருந்து வரும் பாரமான சாமான்கள் எல்லாம் எங்களுக்கு இப்படித்தான் வருகின்றன.

கவரைக் கழற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கவருக்கு அடியில் தொங்கும் செங்குத்து லிவர்கள் இரண்டும் பம்பின் வால்வை அசைக்கும் உருளையில் சரியான பக்கத்தில் உட்கார வேண்டும். திரும்பப் பூட்டும்போது அவை மறுபக்கம் போய்விட்டால் லிஃப்ட் ஏறவே ஏறாது, அல்லது ஏறியது இறங்காது. ஆகவே கவரைத் தூக்குவதற்கு முன் பக்க வாயால் தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டிய பிறகு அதே வாயால் பார்த்து ஒப்பிட வேண்டும். கவர் பாரமானது. இரண்டு பேர் பிடித்து இறக்குவதை விடச் செயின் புளொக்கில் நேராகத் தொங்கவிட்டு இறக்குவது நல்லது. சரிந்து இறங்கினால் புதிதாகப் போட்ட ஓ ரிங்கைக் குழாயின் விளிம்பு வெட்டிவிடும்.

ஓ ரிங் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நிறைய வேலைகள் வீணாகின்றன. கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போனால் எந்த வாகனத்துக்கும் எந்தப் பாகமும் கிடைக்கும். ஆமர் வீதிப் பக்கம் பெயாரிங், சீல் கடைகள் இருக்கின்றன. பழைய சோனகத் தெருவில் ஆணி, நட், சங்கிலி வாங்கலாம். ஆனால் ஓ ரிங் கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் ஜப்பான் வாகனங்களுக்கான மில்லிமீற்றர் அளவு. பழைய ஃபேர்குசனும் மெசியும் அங்குல அளவில் செய்யப்பட்டவை. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். கலிப்பரில் பிடித்தால் தடிப்பில் ஒரு மயிரிழை வித்தியாசம் தெரியும். அந்த மயிரிழை போதும். காடியில் போட்டால் உட்காரும், கையால் தள்ளினால் இறுக்கமாகவும் இருக்கும், ஒயில் சூடாகி இளகியதும் கசியத் தொடங்கும். ஆகவே பழைய ரிங்கைக் கொண்டுபோய் "இது மாதிரி" என்று கேட்பது பிரயோசனமில்லை. பழையது சப்பையாகி அதன் உண்மையான தடிப்பே மாறியிருக்கும். காடியின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போக வேண்டும், அல்லது அந்த மொடலுக்கென்று வரும் சீல் கிட்டை வாங்க வேண்டும். காடியில் ஓ ரிங்கோடு ஒரு தட்டை வளையமும் இருந்தால், அந்தத் தட்டை வளையம் அழுத்தம் வரும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் இருக்க வேண்டும். மாறிப் போட்டால் ரிங் இடுக்கில் பிதுங்கிக் கிழிந்துவிடும்.

சிலிண்டரின் உட்சுவரில் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். நகம் எங்காவது தட்டினால் கீறல். மெல்லிய கீறலென்றால் ஹோன் பிடித்து (சுவரைத் தேய்த்து மழமழப்பாக்கி) விட்டால் போதும். ஆழமென்றால் சிலிண்டரை மாற்றிவிடுவதுதான் நேர்மையான வேலை.

கசிவு முடிந்தது. ஆனால் கட்டுப்பாடு முடியவில்லை. கவரைப் பூட்டிய பிறகு அண்ணை அழைத்தார். கலப்பை இப்போது மேலே அசையாமல் நிற்கிறதாம், ஆனால் தரிசு உழும்போது ஆழம் ஒரே மாதிரி இல்லையாம். ஒரு இடத்தில் தோண்டுகிறது, ஒரு இடத்தில் மேய்கிறது. நான் கேட்டது டொப் லிங்கைக் கழற்றிவிட்டு, பின்னால் அது மாட்டும் கவையைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கச் சொல்லி. "ஆடுது தம்பி, நல்லா ஆடுது."

அந்தக் கவைக்குப் பின்னால் இருப்பதுதான் மேலே சொன்ன பெரிய ஸ்பிரிங். கவைக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் தளர்வு இருந்தால், மண்ணிலிருந்து வரும் முதல் அசைவு முழுவதும் அந்தத் தளர்விலேயே செலவாகிவிடும். ஸ்பிரிங் அசையத் தொடங்குவதற்குள் கலப்பை ஏற்கெனவே ஆழத்துக்குப் போய்விட்டிருக்கும். மறுபக்கம், அளவுக்கு மேல் இறுக்கினால் ஸ்பிரிங் முன்கூட்டியே அமுங்கி, சின்ன விசைகளை உணராமல் மந்தமாகிவிடும். சரியான இடம் எதுவென்றால், முன்பின் ஆட்டினால் ஆடக்கூடாது, விரல்களால் சுற்றினால் ஸ்பிரிங் சுற்ற வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திப் பூட்டு ஆணியை இறுக்க வேண்டும். காசு ஒரு சதமும் செலவில்லை. இதை மட்டும் செய்தே திருந்திய மெசின்கள் நிறைய.

இன்னொன்றும் காசில்லாத வேலை. லிவர் ஓடும் அரைவட்டத் தகட்டில் லிவரைப் பிடித்து வைத்திருக்கும் உராய்வுத் தட்டுகள் தேய்ந்தால், என்ஜின் அதிர்வில் லிவரே மெல்ல மெல்லக் கீழே நகரும். லிவர் இறங்கினால் லிஃப்டும் இறங்கத்தானே செய்யும். பார்ப்பவர்கள் பம்ப் போய்விட்டது என்பார்கள். லிவருக்கும் தகட்டுக்கும் சோக்கால் ஒரு கோடு கீறிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதன் நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் தீர்ந்தது.

அண்ணை பிறகு கேட்ட கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. "வயலுக்குள்ள சேறடிக்கேக்க எந்த லிவரைப் பாவிக்கிறது?" மெசி 135 இல் இரண்டு லிவர்கள் இருக்கின்றன. ஒன்று ட்ராஃப்ட், மற்றது பொசிஷன், அதாவது கருவியை வைத்த உயரத்திலேயே நிறுத்துவது. நிறையப் பேர் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லா வேலையும் செய்கிறார்கள். காய்ந்த தரிசில் கலப்பை ஓட்டும்போது ட்ராஃப்ட் லிவர்தான் சரி, மண்ணின் இறுக்கம் மாற மாற ஆழத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் தண்ணீர் கட்டிய வயலில், இரும்புச் சில்லு போட்டுக்கொண்டு சேறடிக்கும்போது மண்ணில் தடை மிகக் குறைவு. தடை இல்லாதபோது ட்ராஃப்ட் கொன்ட்ரோல் "இன்னும் போகலாம்" என்று கலப்பையை இறக்கிக்கொண்டே போகும். அது போய் நிற்பது வயலின் அடியில் இருக்கும் இறுகிய படையில். அந்தப் படைதான் வயலில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை உடைத்தால் தண்ணீர் கீழே போய்விடும், பிறகு வாய்க்காலில் எவ்வளவு விட்டாலும் வயல் நிறையாது. ஆகவே சேற்றில் பொசிஷன். மட்டப்பலகைக்கும் ரொட்டவேற்றருக்கும் பொசிஷன். 

அந்தத் தகட்டிலேயே தொடர்ந்து பம்ப் பண்ணும் ஒரு இடமும் இருக்கிறது. டிப்பர் பெட்டி தூக்குவது போன்ற வெளி வேலைக்கானது. வேலை முடிந்ததும் லிவரை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டினால் ஒயில் முழு அழுத்தத்தில் சேஃப்டி வால்வு வழியாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஒயிலும் சூடாகும், பம்பும் உண்மையாகவே போய்விடும்.

இனி டிஇ20. இதுதான் கொழும்புக்குள்ளேயே எங்களுக்கு வந்த வேலை. ஒரு விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டவும் ரோலர் இழுக்கவும் வைத்திருந்த சாம்பல் நிற மெசின். அவர்களுடைய முறைப்பாடு, புல் வெட்டும் கருவியை நான்கு விரல் உயரத்தில் வைக்க முடியவில்லை என்பது. லிவரைக் கொஞ்சம் இறக்கினால் கருவி நேரே தரைக்குப் போய்ப் புல்லை வேரோடு சுரண்டுகிறது. கொஞ்சம் ஏற்றினால் நேரே உச்சிக்குப் போகிறது. நடுவில் எங்கும் நிற்பதில்லை.

மெசினில் பிழை எதுவும் இல்லை. டிஇ20 இல் பொசிஷன் கொன்ட்ரோலே கிடையாது, ட்ராஃப்ட் மட்டும்தான். மண்ணுக்குள் வேலை செய்யும் கலப்பைக்காகச் செய்யப்பட்டது அது. புல் வெட்டும் கருவி மண்ணைத் தொடாதபடியால் டொப் லிங்கில் விசை எதுவும் வராது. விசை வராவிட்டால் வால்வுக்கு எந்தச் செய்தியும் போகாது. ஃபோர்ட் 9என், 2என் மெசின்களுக்கும் இதே குணம். 1947 இல் வந்த 8என் இல்தான் ஃபோர்ட் பொசிஷன் கொன்ட்ரோலைச் சேர்த்தது.

இதற்கு எளிய வழி சங்கிலி. கீழ்க் கைகள் ஒவ்வொன்றிலிருந்தும் மேலே மெசினின் பின் கூட்டில் (ஹவுசிங்கில்) இறுக்கிய ஒரு தாங்கிக்கு ஒரு சங்கிலி. வேண்டிய உயரத்தில் சங்கிலி இறுகும்படி கண்ணியை மாற்றி மாட்டிக்கொள்ளலாம். லிவரை முழுதாக இறக்கிவிட்டால் கருவி சங்கிலியில் தொங்கும், அதற்குக் கீழே போகாது. தூக்க வேண்டுமென்றால் வழக்கம் போலத் தூக்கலாம், சங்கிலி தளரும். சங்கிலியின் மேல் முனையை டொப் லிங்க் மாட்டும் கவையில் கொழுவக் கூடாது என்பது என் அபிப்பிராயம். அது ஸ்பிரிங்கோடு அசையும் பாகம், கருவி குதிக்கும்போதெல்லாம் வால்வுக்குப் பொய்ச் செய்தி போகும். பழைய சோனகத் தெருவில் தரமான சங்கிலியும் கொளுவியும் வாங்கி, தாங்கியை அரை அங்குலத் தகட்டில் வெட்டினோம். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

அந்த மைதானத்து ஓட்டுனர் ஐயாவுக்கு அது போதவில்லை. விளிம்பில் ஒரு உயரம், நடுவில் ஒரு உயரம், இறங்கி ஏறிச் சங்கிலி மாற்ற முடியாது என்றார். அவருக்காக ஒரு வெளி இணைப்புச் செய்தோம். அதன் தத்துவம், கை எவ்வளவு உயர்ந்தது என்பதை லிஃப்டே திரும்பி வந்து வால்வுக்குச் சொல்ல வேண்டும் என்பது. மூன்று துளையுள்ள ஒரு பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் துளை ஓட்டுனர் பிடிக்கும் புதிய கைபிடிக்கு. கீழ்த் துளை ஒரு கம்பி வழியாக லிஃப்ட் கைக்கு. நடுத் துளை மெசினின் பழைய லிவருக்கு. ஓட்டுனர் மேல் முனையை நகர்த்தினால் நடுத்துளையும் நகரும், வால்வு திறக்கும், லிஃப்ட் ஏறும். ஏற ஏறக் கீழ் முனை எதிர்ப்பக்கம் நகர்ந்து நடுத்துளையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். வால்வு மூடும். லிஃப்ட் அங்கேயே நிற்கும். கைபிடி வைத்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு உயரம்.

சொல்ல இலகு. செய்யும்போது உயிர் போவது பின்களில் இருக்கும் தளர்வில். ஒவ்வொரு பின்னிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் எல்லாம் சேர்ந்து, லிஃப்ட் ஓரிடத்தில் நிற்காமல் மேலும் கீழும் அலையும். வெறும் துளையில் போல்ட் போட்டு இதைச் செய்யக்கூடாது. லேத் வேலை செய்யும் பாஸிடம் ஒவ்வொரு துளைக்கும் பித்தளை புஷ் கடைந்து, பின்னை அரைத்துப் பொருத்தினோம். கை அசைந்தால் லிவர் எவ்வளவு அசைய வேண்டும் என்பதற்குக் கீழ்முனையில் ஒன்றுக்குப் பதிலாகப் பல துளைகள் போட்டு வைத்து, ஓட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். திரும்பி வரும் அசைவு அதிகமான துளையில் லிஃப்ட் உறுதியாக நிற்கும், ஆனால் கைபிடியை நிறையத் தள்ள வேண்டும். குறைவான துளையில் கைபிடி இலகு, லிஃப்ட் அலையும். நடுவில் ஒன்று சரிவந்தது.

இரண்டு நிபந்தனைகளை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. லிஃப்ட் உச்சிக்குப் போனதும் மெசின் தானாகவே வால்வை மூடும் ஒரு ஏற்பாடு உள்ளே இருக்கிறது. எங்கள் இணைப்பு அதைத் தடுக்கக்கூடாது. அடுத்தது, ஒரு பின்னை உருவினால் முழு இணைப்பும் கழன்று மெசின் பழையபடி ட்ராஃப்டில் ஓட வேண்டும். பழைய மெசினில் எதையும் வெட்டி ஒட்டி, திரும்பக் கொண்டுவர முடியாத மாதிரி மாற்றுவதை நான் செய்வதில்லை.

டிஇ20 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இதில் பம்பை ஓட்டுவது பி.டி.ஓ. ஷாஃப்ட். பி.டி.ஓ. லிவர் போடாவிட்டால் லிஃப்ட் ஏறாது. கிளச்சை மிதித்தால் லிஃப்டும் நிற்கும். பழைய மெசினைப் புதிதாக வாங்கிய சிலர் இது தெரியாமல் லிஃப்டைக் கழற்றுவதற்கே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

ரோலர் இழுப்பது பற்றியும் அந்த ஐயாவிடம் பேச வேண்டி வந்தது. முன்பு யாரோ சங்கிலியை டொப் லிங்க் இடத்தில் கொழுவி ரோலரை இழுத்திருக்கிறார்கள். பின் அச்சுக்கு மேலே எதையும் கொழுவி இழுக்கவே கூடாது. பாரம் அசைய மறுத்தால் ட்ரக்டரின் முன்பக்கம் எழும்பிப் பின்னால் புரளும். ஓட்டுனர் கிளச்சை மிதிக்க நினைப்பதற்குள் அது நடந்து முடிந்துவிடும். இழுப்பதெல்லாம் கீழே, ட்ரோபார் என்ற இழுவைச் சட்டத்தில் மட்டும்.

கடைசியாக ஒயில். இந்த மெசின்களில் கியர்பொக்ஸ், டிஃபரென்ஷியல், ஹைட்ரோலிக் எல்லாவற்றுக்கும் ஒரே ஒயில்தான். சேற்றில் ஓடிய மெசினில் தண்ணீர் உள்ளே போய், ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். அந்த ஒயிலோடு எந்தச் சீலும், எந்த வால்வும் நிலைக்காது. ஆகவே லிஃப்டில் கை வைக்கும்போதே பழைய ஒயிலைச் சூடாக இருக்கும்போது முழுவதும் வடித்து, அடியில் இருக்கும் எல்லா வடிகால் ஆணிகளையும் கழற்றி, தங்கியிருக்கும் மண்ணையும் இரும்புத் தூளையும் துடைத்து எடுத்து, வடிகட்டி உள்ள மொடல் என்றால் அதையும் கழுவிப் பூட்ட வேண்டும். மெசி 135 க்கு ட்ரக்டரின் கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் சேர்த்துச் செய்த ஒயில் என்று போத்தலில் எழுதியிருப்பதை வாங்குங்கள். மலிவென்று லொறியின் தடித்த கியர் ஒயிலை ஊற்றினால் காலையில் மெசின் குளிராக இருக்கும்போது லிஃப்ட் மெதுவாகத்தான் அசையும்.

புது ஒயில் ஊற்றியதும் உடனே பாரம் தூக்கக் கூடாது. வெறும் கைகளை மட்டும் மெல்லிய ஓட்டத்தில் ஏற்றி இறக்கி, குழாயில் இருக்கும் காற்று வெளியேறி அசைவு சீரான பிறகு ஒயில் அளவைத் திரும்பப் பார்த்துக் குறைந்ததை நிரப்ப வேண்டும். பிறகு கலப்பையை மாட்டித் தூக்கி, என்ஜினை நிறுத்தி, குற்றிகளை அடியில் வைத்து, நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து எழுத வேண்டும். பரந்தன் அண்ணையும் அப்படித்தான் செய்தார். மாலையில் அளந்துவிட்டுப் படுத்து, விடியத் திரும்ப அளந்து, வித்தியாசத்தை எனக்கு அனுப்பினார். ஒரு விரல் அகலம். அந்த வயதுள்ள மெசினுக்கு அது நல்ல அளவு, அப்படியே ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.